கந்தகத்தைப் பிரிக்கும் நுண்ணுயிர்கள்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுக்கும் இப்பழமொழி பொருந்தும். ஆலைக் கழிவிலுள்ள கந்தகச் சேர்மங்களை அவை எவ்வாறு அகற்றுகின்றன என்பதை இங்குக் காண்போம்.

தோல் பதனிடும் ஆலைகளில் மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அது கலந்த கழிவுநீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். காற்றுப் புகாத கழிவுத் தொட்டிகளிலும் இவ்வாயு உண்டாகும். அழுகிய முட்டையின் நாற்றம் இதன் அடையாளம். ஆயினும் வாயு மிகுந்தால் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றமில்லை என நம்பித் தொட்டியில் இறங்குவோர் மயங்கி வீழ்வர். காப்பாற்ற இறங்குவோரும் மாள்வதுண்டு. நம் மாநிலத்திலும் இத்துயரம் பலமுறை நிகழ்ந்துள்ளது.

இயற்கையில் இதற்கு உதவும் நுண்ணுயிர்கள் இருவகைப்படும். முதல்வகை, காற்றில்லாத இடத்தில் வாழ்ந்து சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். இதனை 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் என்ற அறிஞர் கண்டறிந்தார். இரண்டாம் வகை, சல்பைடைக் கந்தகமாக்கும். இதனை 1887இல் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி விளக்கினார். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆக்ஸிஜன் அளவோடு இருந்தால் கந்தகம் கிடைக்கும். மிகுந்தால் அது மீண்டும் சல்பேட்டாகிவிடும். ஆகவே காற்றை அளந்து ஊட்டுவதே இம்முறையின் உயிர்நாடி.

நெதர்லாந்தின் புடெல் என்னும் ஊரிலுள்ள துத்தநாக ஆலை, மாசடைந்த நிலத்தடி நீரைத் தூய்மையாக்க 1992இல் இவ்விரு வகைகளையும் பயன்படுத்தத் தொடங்கியது. எத்தனாலை உணவாகப் பெற்ற முதல்வகை, சல்பேட்டைச் சல்பைடாக்கியது. அது நீரிலிருந்த துத்தநாகத்துடன் கூடித் துத்தநாகச் சல்பைடாக அடியில் படிந்தது. மிஞ்சிய சல்பைடை இரண்டாம் வகை கந்தகமாக்கியது. படிந்த துத்தநாகச் சல்பைடோ தாதுப்பொருளாக மீண்டும் ஆலைக்கே சென்றது. நீரும் தெளிந்தது, பொருளும் வீணாகவில்லை.

கழிவு வாயுவையும் இவ்வாறே தூய்மை செய்யலாம். வாயுவைக் காரக் கரைசலில் செலுத்தினால் ஹைட்ரஜன் சல்பைடு அதில் கரையும். பின்னர் நுண்ணுயிர்கள் அதனைக் கந்தகமாக்கும். கரைசலும் மறுபடி பயன்படும். இக்கந்தகம் நிலத்துக்கு உரமாகவும் உதவும்.

எனினும் நுண்ணுயிர்களை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. வாயுவை அளந்தறியாமல், தக்க பாதுகாப்பின்றி எவரையும் தொட்டியில் இறக்கலாகாது. அங்கே இறங்குபவர் ஒரு வீட்டின் தந்தை. மாலையில் அவர் வரவை நோக்கிக் குழந்தைகள் காத்திருப்பர். நாம் கற்கும் வேதியியல் தேர்வுக்கு மட்டுமன்று, அவர் நலமே வீடு திரும்புவதற்கும் பயன்பட வேண்டும் என்பதை மாணவியராகிய நாம் மனத்திற் கொள்வோமாக.