கோலுக்கும் புள்ளி, குப்பைக்கும் புள்ளி

கேள்வி: குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தால் வாழ்க்கை மாறிவிடுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: பந்து மட்டும் போதாதுதான். கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில், 1987-இல் கனடாக்காரர் பாப் மன்ரோ தொடங்கிவைத்த இளையோர் விளையாட்டுச் சங்கத்தைப் பாருங்கள். அங்கே கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்தால் புள்ளி. தெருக் குப்பையை அணியாகச் சேர்ந்து அள்ளினாலும் புள்ளி. இரண்டையும் கூட்டித்தான் பட்டியலில் இடம். எனக்கு இதைவிடப் பிடித்தது, போட்டிகளை நடத்துவதில் அந்த இளையோரே முன்நிற்பது. அப்படி உழைப்பவர்களுக்குப் பள்ளிக் கட்டணம் உதவித்தொகையாகக் கிடைக்கிறது. ஆட்டத்திலும் சோடை போகவில்லை: அங்கிருந்து வளர்ந்த மதாரே யுனைடெட் 2008-இல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது. உங்கள் தெருவில் தொடங்கினால், ஆட்ட அட்டவணை போடும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.