காகிதக் குவளை கற்றுத்தந்த பாடம்

ஏழாம் வகுப்பில் நெகிழிக் குப்பை பற்றிய பாடத்தை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தேன். கடையிலிருந்து வந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவந்த மாணவி என் கையைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், இந்தக் கப்புலயும் பிளாஸ்டிக் இருக்குமா?"

"காகிதம்தானே" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "நாளைக்குப் பார்த்துடலாம்" என்றேன்.

மறுநாள் காலை அதே போன்ற குவளையைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போட்டோம். மதிய உணவுக்குப் பின் எடுத்துத் தேய்த்துப் பார்த்தோம். காகிதம் கூழாகப் பிரிந்தது. மெல்லிய படலம் ஒன்று விரலில் மிஞ்சியது. தேநீர் கசியாமல் இருக்க உட்புறம் பூசப்பட்ட நெகிழி அது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு நெகிழிப் பொருள்களில் நெகிழி பூசிய காகிதக் குவளையும் ஒன்று. துணிபோலத் தோன்றும் 'நான் ஓவன்' பைகளும் அதே பட்டியலில் உண்டு. அவை பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனவை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் நினைவூட்டியது நாம் மறந்துபோன துணிப்பையைத்தான்.

அந்த வாரமே ஆசிரியர்கள் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தோம். கணக்கை மாணவர்களே போட்டார்கள். 12 ஆசிரியர்கள், நாளுக்கு இரண்டு தேநீர், 200 வேலை நாள்கள்: ஆண்டுக்கு 4,800 குவளைகள். முழக்கம் எழுதிய நாளில் இல்லாத வியப்பு அந்த எண்ணைக் கண்டதும் வகுப்பில் எழுந்தது.

அளந்து பார்த்தால்தான் பழக்கம் மாறும் என்பது எனக்கு அப்போது புரிந்தது. நீங்களும் உங்கள் வகுப்பில் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

ஒழுகும் குழாய்: குழாயின் கீழ் ஓர் அளவுக் குவளையை வையுங்கள். 200 மில்லி லிட்டர் சேர 10 நிமிடம் ஆனால், மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளுக்கு 28.8 லிட்டர்; ஆண்டுக்கு 10,500 லிட்டருக்கும் மேல். தொடக்க வகுப்பினர் சொட்டுகளை எண்ணட்டும். மேல்வகுப்பினர் பெருக்கிப் பார்க்கட்டும். பெரும்பாலும் தேய்ந்த வாஷரை மாற்றினாலே ஒழுக்கு நின்றுவிடும்.

ஆளில்லா வகுப்பின் மின்விசிறி: பழைய வகை மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் மின்திறன் கொண்டது. 20 மின்விசிறிகள் உணவு இடைவேளையில் ஒரு மணி நேரம் வீணாகச் சுழன்றால் 1,500 வாட் மணி, அதாவது 1.5 யூனிட். 200 நாள்களில் 300 யூனிட். வகுப்புக்கு ஒரு 'சுவிட்ச் பொறுப்பாளர்' போதும். வாரந்தோறும் ஆளை மாற்றுங்கள்.

குப்பைக்கூடை: ஒரு நாள் சேரும் குப்பையை மக்குவது, மக்காதது எனப் பிரித்து எடை போடுங்கள். காய்கறித் தோலையும் உதிர்ந்த இலைகளையும் அடுக்கடுக்காகக் குழியில் இட்டு ஈரம் காத்தால், சில மாதங்களில் பள்ளித் தோட்டத்துக்கு உரம் கிடைக்கும். சருகை எரிக்கும் வேலையும் இராது.

வீட்டுக்கான பணியைக் கொடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. தினக்கூலி பெறும் குடும்பம் ஷாம்பைச் சிறிய பாக்கெட்டாக வாங்குவது அன்றைக்குக் கையிலிருக்கும் பணத்தைப் பொறுத்தது. "உங்கள் வீட்டில் என்னென்ன தவறு நடக்கிறது?" என்று எழுதிவரச் சொன்னால் குழந்தை கூனிக்குறுகும், பெற்றோர் மனமும் நோகும். செலவில்லாத பணிகளையே கொடுப்போம்: கடைக்குப் பை எடுத்துச் செல்வது, அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுவது, போன் சார்ஜ் ஆனதும் சுவிட்சை அணைப்பது. இவற்றில் பலவற்றை நம் மாணவர்களின் பாட்டிகள் இன்றும் செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால் வீடும் நமக்குப் பாடநூலாகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு பழக்கம் போதும். மாத இறுதியில் மீண்டும் அளந்து, எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். குறையாவிட்டாலும் எழுதுங்கள், ஏன் குறையவில்லை என்பது அடுத்த பாடம்.

அந்த மாணவி இப்போதும் நோட்டுகளைக் கொண்டுவருகிறாள். மேசைமேல் வைக்கும் முன் என் டம்ளரை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.