வெனீர் தாளை உடையாமல் வெட்ட

சகோதரிகளே, வெனீர் என்பது பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான். பழகிப் பார்க்க, தாம்பரம் பக்கத் தச்சுப் பட்டறைகளில் மிச்சத் துண்டு கேட்டுப் பாருங்க.

வீட்டில் வைக்கிற கட்டிங் மெஷினில், காகிதம் மாதிரி ஒரே அழுத்தில் வெட்டினால் நார் ஓடும் பக்கம் பிளந்துடும். குழுக் கடனில் வாங்கிய தாள் குப்பைக்குப் போகும்.

தாளை ஒட்டும் அட்டையில் அழுத்தி, நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் போடுங்க. டிசைனில் ஒல்லியான காம்பு, கொடி எல்லாம் நாரோடு ஓடணும். குறுக்கே வந்தால் ஒடியும். அழுத்தத்தைக் குறைச்சு, அதே கோட்டில் பிளேடு நாலைந்து தடவை ஓடட்டும். அட்டையை வெளியே எடுக்கும் முன்னே ஓரத்தை ஊசியால் தூக்கிப் பாருங்க. எடுத்துட்டா மறுபடி அதே கோட்டில் வெட்டு விழுவது கஷ்டம்.

உரிக்கும்போது தாளைப் பிய்க்காதீங்க. கவிழ்த்து வைத்து அட்டையை வளைச்சு உரிங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெனீர் சுருளும், கனமான பலகைக்கு அடியில் வையுங்க.