பக்கவாதத்திற்குப் பின் உடலியக்கம்: இல்லத்தாரின் பங்கு

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. மூளையின் அழிந்த பகுதி மீள்வதில்லை. ஆயினும், மூளையின் பிற பகுதிகள், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளின் வாயிலாக, இழந்த பணிகளுள் பலவற்றைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளும் திறனுடையவை. முதல் சில மாதங்களில் இம்முன்னேற்றம் விரைவாக இருக்கும். முயற்சி தொடர்ந்தால் அதன் பின்னரும் அது நின்றுவிடுவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இயன்முறை சிகிச்சை தேவைப்படுவோரின் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. எனினும், சிகிச்சையாளர் உடனிருக்கும் நேரம் சிறிதே. நாளின் எஞ்சிய பொழுது முழுவதும் இல்லத்தாரின் கையில் உள்ளது.

அன்பே தடையாகலாம்

நோயாளிக்குச் சோறு ஊட்டுவதும், சட்டை மாட்டிவிடுவதும், இருந்த இடத்திற்கே யாவற்றையும் கொண்டுவந்து தருவதும் அன்பின் வெளிப்பாடுகளே. ஆனால், பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறந்துவிடுகிறது. ஒரு பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அதுவரை பொறுத்திருப்பதும் சிகிச்சையே. இயலாததற்கு மட்டும் கை கொடுங்கள். சட்டை அணியும்போது பலவீனமான கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதனைக் கடைசியாக எடுக்கப் பழக்குங்கள். அவரை எழுப்புவதற்காகப் பலவீனமான கையைப் பிடித்து இழுக்கலாகாது; தோள்மூட்டு நழுவவும் கடும் வலி உண்டாகவும் கூடும்.

எழுந்து நிற்றல்

உறுதியான, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டி வைக்கவும். இரு பாதங்களையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றி, உடலை நன்கு முன்சாய்த்து, எடையை இரு கால்களிலும் சமமாகத் தாங்கி எழ வேண்டும். ஐந்து முறையில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தலாம். துணை நிற்பவர் நோயாளியின் பலவீனமான பக்கத்தில் நிற்பது நலம்.

எவ்வளவு தேவை?

அமெரிக்க இதயச் சங்கமும் அதன் பக்கவாதப் பிரிவும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இயன்றோர் வாரத்திற்கு 4 முறையேனும், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடம், மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும். பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். நெடுநேரம் அமர்ந்திருப்போர் 30 நிமிடத்திற்கு ஒருமுறை 3 நிமிடம் எழுந்து நிற்பதோ, மெல்ல அசைவதோ நன்று.

ஓசூர்ப் பகுதியின் ஆலைக் குடும்பங்களில் இதற்கொரு தனி இடர் உண்டு. பகலில் ஒருவர் வேலைக்குச் சென்றிருப்பார். இரவு ஷிப்ட் முடித்தவர் உறங்குவார். நோயாளி மாலை வரை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பார். எந்த ஷிப்டில் யார் அவருடன் நடப்பது என நாட்காட்டியில் எழுதி வையுங்கள். தனியே பாதுகாப்பாக எழ இயன்றவர், ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் எழுந்து நிற்கலாம். மொச்சை உரித்தல், துணி மடித்தல் போன்ற வீட்டு வேலைகளும் கைக்கு நல்ல பயிற்சி.

கவனிக்க வேண்டியவை

குளிரில் இரத்த அழுத்தம் உயரக்கூடும். எனவே, மார்கழி, தை மாதங்களில் வெயில் ஏறிய பின் நடப்பதே நன்று. பின்பட்டியும் அடியில் பிடிப்பும் உள்ள காலணி அணிக. உணர்ச்சி குன்றிய பாதத்தில் புண் உள்ளதா என நாள்தோறும் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். புதிய பயிற்சி எதனையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், கடும் மூச்சுத்திணறல் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்துக. அவை தணியாவிடில் 108-ஐ அழைக்கவும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் புதிதாகத் தோன்றினால் சற்றும் தாமதியாமல் 108-ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

நேற்று மூன்று முறை எழுந்தவர் இன்று நான்கு முறை எழுந்தால், அதனையும் குறித்து வையுங்கள். சோர்வுறும் நாளில் அக்குறிப்பே அவருக்கு ஊக்கம் தரும்.