சாக வேண்டிய செல் சாகாவிட்டால்



குமாரலிங்கபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து ஒருவர் கழுத்தில் கட்டியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நெறி கட்டியிருக்கு, தானா வத்திரும்" என்பார்கள் ஊரில். சொத்தைப்பல், தலைப்புண் காரணமாக வந்ததானால் வற்றிவிடும். காசநோயாலும் நெறி கட்டும். அதற்கு மருந்து உண்டு. சில வேளைகளில் அது நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது? அதை இம்மாதம் படிப்போம்.

செல்கள் பிறப்பதைப் போலவே உரிய வேளையில் சாகவும் வேண்டும். கிருமி நுழைந்தால் நெறிக்குள் சிறுசிறு வட்டங்களாகச் செல்கள் பெருகுகின்றன. உதவாதவை அங்கேயே மடிகின்றன. செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் பி.சி.எல்.-2. செல்லைப் பெருக்குவதல்ல, சாகாமல் காப்பதே அதன் வேலை என்பதை 1988-இல் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். வட்டத்தின் நடுச்செல்களில் இப்புரதம் இயல்பாக இராது. 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிட்டால், அது அங்கே ஓயாமல் உண்டாகும். சாக வேண்டியவை சாகாமல் குவியும். பாலிக்குலர் லிம்போமா என்னும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இதுவே தொடக்கம்.

இப்புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியே பரிசோதனைக் கூடத்தின் கருவி. கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, ஆன்டிபாடியை இடுகிறார்கள். புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும்.

பழுப்பைக் கண்டதும் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. வட்டத்தைச் சுற்றியுள்ள நல்ல செல்களிலும் இப்புரதம் உண்டு. சுற்று பழுப்பாகி நடு வெளுத்திருந்தால், அது கிருமியை எதிர்த்து வீங்கிய நெறியாகவே பெரும்பாலும் இருக்கும். நடுவும் பழுத்தால் சந்தேகம் வலுக்கும். சுற்றும் நிறம் பெறாவிட்டால் பரிசோதனையே சரியாக நடக்கவில்லை என்று பொருள். இந்தப் புற்றுநோயிலும் சில, நிறம் காட்டாமல் தப்பிவிடும். ஆகவே மருத்துவர் மற்றச் சோதனைகளோடு சேர்த்தே முடிவு சொல்வார்.

இத்தகைய பரிசோதனை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் நடக்கிறது. ஆனால் அதன் பலன் கட்டியை எடுக்கும் சிறிய மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு துண்டைப் பார்மலின் படாமல் தனியே வைக்க வேண்டும். மீதியைத் தாமதமின்றி, அதைப்போல் பத்து மடங்கு பார்மலினில் இட வேண்டும். காய்ந்துபோன சதையில் எந்த ஆன்டிபாடியும் சரியான பதில் சொல்லாது. தேவையற்ற புற்றுநோய் மருந்திலிருந்து ஒருவரைக் காப்பதும், தேவையானவருக்கு அது காலத்தில் கிடைக்கச் செய்வதும் அந்தச் சிறு புட்டியில் இருக்கிறது.