கூட்டமா இருந்தா பயமில்லை



டிவியில் பென்குயின் பறவையைப் பார்த்திருப்பீங்க. தென்துருவப் பகுதியில் வாழும் பேரரசப் பென்குயின், கடுங்குளிர் காலத்தில்தான் முட்டை இடும். ஒரே ஒரு முட்டை. அதைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டு, தாய் இரை தேடக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் முட்டையைக் காலின்மேல் வைத்து, அடிவயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு, இரண்டு மாதம் பட்டினியாக நிற்கும்.

தனியாக நின்றால் அந்தக் குளிரைத் தாங்க முடியாது. அதனால் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. ஓரத்தில் நிற்பவை மெல்ல உள்ளே வரும், உள்ளே நின்றவை ஓரத்துக்கு வரும். நம்ம குழுவில் ஊக்குநர் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்வது போலத்தான்!

கூடி வாழும் பறவைகளைப் பார்க்க நாம் தென்துருவம் போக வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறைக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. சுமார் 77 ஹெக்டேர், அதாவது 190 ஏக்கர் ஏரி. கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் எல்லாம் அங்கே வருகின்றன. நீர்ப்பறவைகள் தங்களை எப்படிக் காத்துக்கொள்கின்றன?

1. இடம்: தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாய், பூனை எளிதில் போக முடியாது.

2. கூட்டம்: ஒரே மரத்தில் பல கூடுகள். ஒன்று மிரண்டு கத்தினால் எல்லாம் உஷாராகிவிடும்.

3. முறை: தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல். ஒன்று இரைக்குப் போனால் இன்னொன்று கூட்டில் இருக்கும்.

இத்தனை காவலையும் கெடுப்பது திடீர்ச் சத்தம். வெடி வெடித்தால் கூட்டமே பதறிப் பறந்துவிடும். கூடு காலியானால் காக்கையும் பருந்தும் முட்டையை, குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடிக்கடி இப்படி நடந்தால் பறவைகள் அந்த இடத்தையே விட்டுவிடும்.

மழை பெய்து ஏரியில் தண்ணீர் சேரும் சமயத்தில்தான் தீபாவளியும் வருகிறது. அதனால் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, வெடி மட்டும் இல்லை. "எனக்கு மட்டும் ஏன் வெடி இல்லை?" என்று குழந்தை கேட்டால் எந்தத் தாய்க்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு வீடு வாங்கி வெடித்தாலும் எல்லோருடைய கட்டுப்பாடும் வீணாகிவிடும். ஊரே சேர்ந்து நிற்பதால்தான் அது நடக்கிறது. 2022-ல் வெள்ளோடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நம்ம கணபதிக்குப் பக்கத்திலும் சின்னவேடம்பட்டி ஏரி இருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசிப் பார்ப்போமா?

* நம்ம பக்கத்து ஏரி, குளத்துக்கு என்னென்ன பறவைகள் வருகின்றன?
* குப்பையும் சாக்கடையும் அங்கே போகாமல் இருக்க நாம் என்ன செய்யலாம்?
* வரும் தீபாவளிக்கு ஏரிக்கரையில் வெடி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

ஒருத்தி சொன்னால் பேச்சு. குழுவே சொன்னால் தீர்மானம்.