பட்டப் பெயர் சொல்லி அழைக்கலாமா?

பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் முதல் சொத்து அதன் பெயர். ஏழாம் நாள் அகீகா கொடுத்து, ஆலிம் ஒருவரிடம் கலந்து, பொருள் விசாரித்து அழகிய பெயரைச் சூட்டுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை தெருவில் இறங்கி ஓடியாடத் தொடங்கிய சில ஆண்டுகளில் நிலைமை மாறிவிடுகிறது. கால் சற்று வளைந்திருந்தால் ‘நொண்டி’, உயரம் குறைந்திருந்தால் ‘குட்டையன்’, நிறம் கறுத்திருந்தால் ‘கருவாயன்’, பேச்சுத் தடைப்பட்டால் ‘திக்குவாயன்’ என்று ஊர் வேறொரு பெயரைச் சூட்டிவிடுகிறது. ‘அளவற்ற அருளாளனின் அடியான்’ எனப் பொருள்படும் அப்துர் ரஹ்மான் என்ற பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் நிகாஹ் தப்தரிலும் மட்டும் தங்கி விடுகிறது.

இதைப் பலரும் விளையாட்டாகவே எடுத்துக் கொள்கிறார்கள். மார்க்கம் இதை எவ்வாறு கருதுகிறது என்பதைக் கவனிப்போம்.

இறை கட்டளை

ஸூரத்துல் ஹுஜுராத் மதீனாவில் அருளப்பெற்றது. 18 வசனங்கள் கொண்டது. அதன் 11ஆம் வசனத்தில் அல்லாஹ் தஆலா முஃமின்களை விளித்து, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்ய வேண்டாம் என்று தடுக்கிறான். பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரை விட மேலானவர்களாக இருக்கக் கூடும் என்று காரணமும் கூறுகிறான். பெண்களைத் தனியே குறிப்பிட்டு அவர்களுக்கும் இதையே சொல்கிறான். பிறகு, ஒருவரையொருவர் குறை கூறுவதையும், இழிவான பட்டப் பெயர்களால் அழைப்பதையும் விலக்குகிறான். ஈமான் கொண்ட பின் பாவப் பெயர் சூட்டுவது மிகக் கெட்டது என்றும், இதிலிருந்து தவ்பாச் செய்து மீளாதவர்களே அநியாயக்காரர்கள் என்றும் வசனம் முடிகிறது. இதற்கு அடுத்த வசனம்தான் கெட்ட எண்ணத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஹராமாக்குகிறது. நாம் விளையாட்டு என்று நினைக்கும் பட்டப் பெயர், அல்லாஹ்வின் திருமறையில் எந்தப் பாவங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வசனம் அருளப்பட்ட காரணம்

இவ்வசனம் பனூ ஸலிமா கூட்டத்தார் விஷயத்தில் இறங்கியது என அபூ ஜபீரா இப்னு ளஹ்ஹாக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் வழங்கி வந்தன. ஊரார் அழைப்பதைக் கேட்டு, நபியவர்களும் ஒருவரை அவ்வாறு அழைப்பார்கள். அப்போது அருகிலிருந்தவர்கள், அந்தப் பெயரைச் சொன்னால் அவர் கோபம் கொள்வார் என்று எடுத்துச் சொல்வார்கள். இந்த நிலையில்தான் வசனம் அருளப்பட்டது.

இந்தச் செய்தியில் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. மனம் நொந்ததைத் தெரிவித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். “நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவர் ஒன்றும் சொல்வதில்லையே, சிரித்துக் கொண்டுதானே போகிறார்” என்று நம்மில் பலர் வாதிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் ஒரு பெயரைச் சுமந்தவர் ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்துக் கொண்டிருக்க முடியாது. அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது தவறு. அவர் மனம் அறிந்த நண்பரும் உறவினரும் முன்வந்து தடுப்பதே முறை.

எல்லாப் பட்டப் பெயரும் விலக்கா?

இல்லை. உரியவர் உவந்து ஏற்கும் பெயர் ஆகுமானது. அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு ஸித்தீக் என்பதும், உமர் (ரலி) அவர்களுக்கு ஃபாரூக் என்பதும் சிறப்புப் பெயர்களே. ஒரு நாள் அலீ (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் படுத்திருக்க, மேலாடை நழுவி முதுகில் மண் படிந்திருந்தது. நபியவர்கள் அந்த மண்ணைத் தம் கையால் துடைத்தபடி ‘அபூ துராப்’, அதாவது மண்ணின் தந்தையே, எழுந்திருப்பீராக என்றார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிடப் பிரியமான பெயர் வேறு இருந்ததில்லை என்று புகாரி ஷரீபில் காணப்படுகிறது. துடைத்த கையின் அன்பு அந்தப் பெயரில் இருந்தது.

இன்னும் சிலர், “ஒரே தெருவில் நான்கு அப்துல் காதர் இருந்தால் எப்படி அடையாளம் சொல்வது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே அஃமஷ் (பார்வை மங்கியவர்), அஃரஜ் (கால் ஊனமுற்றவர்) எனப் புகழ்பெற்ற பெரியார்கள் உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு எல்லை வகுத்துத் தந்துள்ளார்கள். அடையாளம் காட்டும் தேவைக்காக மட்டும் அத்தகைய பெயரைச் சொல்லலாம். இழிவுபடுத்தும் எண்ணத்தில் சொல்வது ஹராம். வேறு வகையில் அடையாளம் சொல்ல முடியுமானால் அதுவே மேலானது.

நமக்கு வேறு வழி இல்லாமலா போயிற்று? தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர், தெரு, தொழில் எனச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. ‘கடைத்தெரு காதர் பாய்’ என்றால் போதாதா? அவருடைய காலை ஏன் இழுக்க வேண்டும்?

இமாம்களின் பேணுதல்

இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் (ரஹ்) என்ற ஹதீஸ் கலை மேதையை மக்கள் அவருடைய தாயாரின் பெயரோடு சேர்த்து ‘இப்னு உலைய்யா’ என்றே அழைத்து வந்தனர். அதில் வசை எதுவும் இல்லை. ஆயினும் அவர் அதை விரும்பவில்லை. ஆகவே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், ‘இப்னு உலைய்யா எனச் சொல்லப்படும் இஸ்மாயீல்’ என்று கூறுவார்கள். ஊர் வழக்கைத் தம் வாக்காக ஆக்கிக் கொள்ளவில்லை. யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) அவர்கள் அப்பெயரைச் சொன்னபோது, இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் குறுக்கிட்டு, அவர் அதை வெறுத்ததாக அறிகிறேன், இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்று கூறுங்கள் என்றார்கள். யஹ்யா அவர்களும் மறுக்காமல் ஏற்றுக் கொண்டார்கள். குற்றமற்ற ஒரு பெயரிலேயே இவ்வளவு பேணுதல் என்றால், ஊனத்தையும் நிறத்தையும் குத்திக் காட்டும் பெயரைப் பற்றி என்ன சொல்வது!

தனக்குத் தானே சூட்டிக் கொள்வது

இக்கால வாலிபர் சிலர் ‘ரவுடி’, ‘பொறுக்கி’ என்று தமக்குத் தாமே பெயரிட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னாலும் எழுதிக் கொள்கிறார்கள். “என் பெயர், என் இஷ்டம்” என்பது அவர்கள் வாதம். மனம் சரியில்லாதபோது கூட ‘என் உள்ளம் கெட்டுப் போய்விட்டது’ எனப் பொருள்படும் ஒரு கடுஞ்சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லாமல், அதற்குப் பதிலாக மென்மையான வேறொரு சொல்லைக் கூறும்படி நபியவர்கள் கற்பித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முஃமின் தன்னைத் தானே இழிவாகப் பேசுவதும் தகாது.

பெண் ஒருவருக்கு மாறு செய்பவள் எனப் பொருள்படும் ‘ஆஸியா’ என்ற பெயர் இருந்தபோது, நபியவர்கள் அதை ‘ஜமீலா’ என மாற்றினார்கள். கரடுமுரடு எனப் பொருள்படும் ‘ஹஸ்ன்’ என்ற பெயருடையவரை, இலகு என்ற பொருளில் ‘ஸஹ்ல்’ என வைத்துக் கொள்ளச் சொன்னார்கள். தகப்பனார் வைத்ததை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அதன் பிறகும் எங்கள் குடும்பத்தில் அந்தக் கரடுமுரடு நீங்கவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸையப் (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

வீட்டில் தொடங்குவோம்

பெரும்பாலான பட்டப் பெயர்கள் வீட்டில்தான் பிறக்கின்றன. வாப்பா கோபத்தில் சொன்னதை அண்ணன் பிடித்துக் கொள்கிறான். அண்ணன் சொன்னதை மத்ரஸாப் பிள்ளைகள் பிடித்துக் கொள்கிறார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு வார்த்தை சொன்னபோது, அது கடல் நீரில் கலந்தால் அதையும் மாற்றிவிடும் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அன்பு மனைவி சொன்னதாயிற்றே என்று விட்டுவிடவில்லை. உம்மாமார்களும் உஸ்தாதுமார்களும் இதே கண்டிப்பைக் காட்ட வேண்டும். நம் கைப்பேசியில் யாருடைய எண்ணையாவது இழிபெயரில் பதிந்து வைத்திருந்தால், அதை இன்றே அழித்து அவர் சொந்தப் பெயரைப் பதிவோம்.

இது அடியார்களின் ஹக்கு. அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வதோடு, நோவினை பெற்றவரின் பொருத்தத்தையும் பெற வேண்டும். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வந்தும், பிறரை ஏசியதற்கும் அடித்ததற்கும் தன் நன்மைகளை அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து, கடைசியில் வெறுங்கையோடு நிற்பவனே உண்மையான ஏழை என்று முஸ்லிம் ஷரீபின் ஹதீஸ் எச்சரிக்கிறது. ஒரு நாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய மவுத் அறிவிக்கப்படும். சொந்தப் பெயரைக் கேட்டு ஆள் புரியாமல், பட்டப் பெயரைச் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் விளக்கிக் கொள்வோம். அதன் பிறகு மன்னிப்புக் கேட்க அவர் இருக்க மாட்டார். அவர் இருக்கும்போதே அருகில் சென்று ஸலாம் கூறி, அவருடைய வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயரால் அழைப்போம்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.